நாமும் பரதேசிகளே! – மட்டாஞ்சேரி யூதத் தெருவின் நினைவுகள்

நம் பத்திரிகையில் அங்கத்தினர்கள் எழுதும் ஊர் நினைவுகளை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். தஞ்சாவூர் ஜில்லா அக்ரஹாரங்கள், தாமிரபரணிக் கரைக் கிராமங்கள், கல்பாத்தி, நூரணி என்று எத்தனையோ ஊர்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரு கோவில், ஒரு குளம், இரண்டு சாரி வீடுகள், ஒரு தேர் இருக்கும். என் பால்யம் கழிந்த தெருவில் இவை ஒன்றும் கிடையாது. அது அக்ரஹாரமே அல்ல. கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள யூதத் தெரு. "ஓர் ஐயராத்துப் பையனுக்கு அங்கே என்ன வேலை?" என்று வாசகர்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இனியும் தள்ளிப்போட்டால் சொல்ல ஆள் இருக்க மாட்டான்.

எங்கள் வீடு அரண்மனைக்குப் பின்புறம் ஒரு சந்தில் இருந்தது. ஓட்டு வீடுகள் ஏழு வரிசையாக, பொதுச் சுவர்களுடன். ஏழிலும் நம்மவர்கள். அப்பா யூதத் தெருவில் ஒரு குஜராத்தி சேட்டின் மிளகு மண்டியில் கணக்கு எழுதிவந்தார். பள்ளி விடுமுறை நாட்களில் பதினொன்றரை மணிக்கு அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போவது என் வேலை. மோர்க் குழம்பு சிந்தாமல் நடக்க வேண்டும். அதனால் மெதுவாக நடப்பேன். மெதுவாக நடந்ததால்தான் அந்தத் தெருவை நன்றாகப் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா சொன்ன அர்த்தம்

தெருவின் வடக்குக் கோடியில் யூதர்களின் ஆலயம் இருக்கிறது. அதற்குப் பெயர் பரதேசி சினகாக். நம் வீட்டில் 'பரதேசி' என்றால் பிச்சைக்காரன். வாசலில் வந்து நிற்பவரைப் பாட்டி அப்படித்தான் சொல்வாள். ஆகவே ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன்: "ஏம்ப்பா, அவாள்ளாம் பணக்காராளா இருக்காளே, ஏன் பரதேசின்னு பேரு?"

அப்பா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "பரதேசின்னா பிற தேசத்துலேர்ந்து வந்தவான்னு அர்த்தம்டா. ஸ்பெயின், பாக்தாத்னு எங்கெங்கேயோ இருந்து வந்தா. நாமளும் பரதேசிதான். நம்பூதிரிகள் மலையாள பிராமணா. நாம பாண்டி நாட்டுலேர்ந்தும் சோழ நாட்டுலேர்ந்தும் வந்த பரதேசி பிராமணா. ராஜா ரெண்டு பேருக்கும் இடம் குடுத்தார். மறந்துடாதே."

அன்று அது பாதிதான் புரிந்தது. ஆனால் மறக்கவில்லை.

ராஜா கொடுத்த இடம்

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1341ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, கொச்சியில் ஆழமான முகத்துவாரம் திறந்தது என்பார்கள். மிளகு எங்கே கப்பல் ஏறுமோ அங்கேதானே வியாபாரியும் போவான்? கொடுங்கல்லூரில் நெடுங்காலமாக இருந்த யூதர்களும், பதினாறாம் நூற்றாண்டில் போர்களும் போர்ச்சுக்கீசியரின் தொந்தரவும் தாங்காமல் கொச்சிக்கு வந்தார்கள். கொச்சி ராஜா தம் அரண்மனைக்கும் அதை ஒட்டிய கோவிலுக்கும் அடுத்தாற்போல் அவர்களுக்கு நிலம் கொடுத்தார். 1568ல் ஆலயம் கட்டினார்கள். ராஜாவின் கோவிலுக்கும் யூதரின் ஆலயத்துக்கும் இடையில் ஒரு மதில்தான். ஐரோப்பாவில் யூதர்களை ஊர் ஊராக விரட்டிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே இப்படி நடந்தது என்பது நினைவில் வைக்க வேண்டிய விஷயம்.

அவர்களிடம் பழைய செப்பேடு ஒன்று உண்டு. பாஸ்கர ரவி என்ற சேர மன்னன் சுமார் கி.பி. 1000ல் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் அளித்த சாசனம். பல்லக்கு, குடை, பகல் விளக்கு முதலியவை அதில் அடக்கம். எழுத்து வட்டெழுத்து; மொழி, தமிழிலிருந்து மலையாளம் முழுக்கப் பிரியாத காலத்து மொழி. எழுத்தைப் படித்துச் சொன்னால் நம்மில் பலருக்குப் பாதி புரியும்.

அரண்மனையின் கதையும் சுவையானது. போர்ச்சுக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கட்டி வீர கேரள வர்மாவுக்கு வெகுமதியாகக் கொடுத்தார்கள். 1663ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்தனர். பெயர் என்னவோ 'டச்சு அரண்மனை' என்றாகிவிட்டது. உள்ளே பள்ளியறைச் சுவர்களில் முழு ராமாயணம் சித்திரமாக இருக்கிறது. தசரதரின் யாகத்தில் ஆரம்பிக்கும். 1951ல் அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக்கினார்கள். வேலை அதிகமில்லாத மத்தியானங்களில் அங்கிருந்த காவலாளி எங்களைப் போன்ற சிறுவர்களை உள்ளே விடுவார். தொடக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. பாட்டி வாய்வழியாகச் சொன்ன ராமாயணத்தை நான் கண்ணால் கண்டது அங்கேதான்.

நம்மவர்கள் கொச்சிக்கு வந்ததும் இதே போன்ற கதைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் தெற்கிலிருந்தும் மலையாள தேசம் வந்த தமிழ் பிராமணர்கள், கொச்சி ராஜ்யத்தில் கோவில்களை ஒட்டிய ஊட்டுப்புரைகளில் போஜனம், சமையல், சர்க்கார் உத்தியோகம், வக்கீல் தொழில், வியாபாரக் கணக்கு என்று பரவினார்கள். எறணாகுளம் சிவன் கோவிலைச் சுற்றியும் திருப்பூணித்துறையிலும் கிராமங்கள் அமைந்தன. மட்டாஞ்சேரியில் இருந்த நாங்கள் வெகு சொற்பம். எங்களுக்குச் சோறு போட்டது மிளகு.

தூக்குப் பாத்திரத்துடன் ஒரு நடை

வாருங்கள், என்னுடன் 1957ம் வருஷத்துக்கு நடக்கலாம்.

சந்திலிருந்து வெளியே வந்தால் அரண்மனைச் சாலை. எதிரே படகுத்துறை. எறணாகுளம் போகும் படகின் சங்கு ஊதும். வலப்புறம் திரும்பி யூதத் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது மணிக்கூண்டு. 1760ல் எசக்கியேல் ரஹாபி என்ற யூத வியாபாரி கட்டியது. ஒரு முகத்தில் ஹீப்ரு எண்கள், ஒன்றில் ரோமன், இன்னொன்றில் மலையாள எண்கள். மூன்று பாஷையிலும் மணி சொல்லத் தெரிந்த கடிகாரம், என் பால்யத்தில் ஒரு பாஷையிலும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. பிற்பாடுதான் செப்பனிட்டார்கள். ஆலயத்துக்குள் தரை முழுக்கச் சீனத்திலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான கைவேலை ஓடுகள். ஒன்றைப் போல் மற்றொன்று இராது. உள்ளே போக வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். வேறு தேசங்களில் பெரும்பாலான யூதர்கள் அப்படிச் செய்வதில்லையாம். இது நம் தேசத்துப் பழக்கம் அவர்களிடம் ஒட்டிக்கொண்டது.

தெருவின் இரு பக்கமும் மாடி வீடுகள். மேலே குடித்தனம், கீழே கிட்டங்கி. ஜன்னல்கள் தெருவைப் பார்த்து அகலமாக இருக்கும். சாயங்காலங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர் வீட்டுக்காரருடன் பேசுவார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் மலையாளம் பறக்கும். சட்டைக்காரர்களைப் போல் வெளுத்த முகத்துடன் அவர்கள் எங்களைவிடச் சுத்தமான மலையாளம் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

கிட்டங்கிகளுக்கு மலையாளத்தில் பாண்டிகசாலை என்று பெயர். நம் பண்டகசாலைதான். காயல் பக்கம் வள்ளங்களில் வந்திறங்கும் மிளகும் சுக்கும் முற்றத்தில் காயும். ஸ்திரீகள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் புடைப்பார்கள். தூசி, காம்பு, பொக்கு நீங்கி, சல்லடையில் சலித்து நின்றால் அது ஏற்றுமதித் தரம். 'மலபார் கார்பிள்டு ஒன்று' என்று உலகச் சந்தையில் பெயர். அப்பா ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டியே தரத்தைச் சொல்லிவிடுவார். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தால் வேஷ்டியெல்லாம் மிளகு வாசனை. இன்றும் ரசத்துக்கு மிளகு பொடிக்கும்போது எனக்கு அப்பா வருகிறார்.

அதே 1957ல்தான் இந்திய மிளகு, வாசனைத் திரவிய வியாபாரச் சங்கம் அந்தத் தெருவில் ஆரம்பமாயிற்று. மாடியில் தரகர்கள் கூடி, இனி வரப்போகும் மாதங்களின் மிளகுக்கு இன்றே விலை பேசுவார்கள். இதை 'அவதி வியாபாரம்' என்பார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் கத்துவார்கள். முதல் தடவை கேட்டபோது அடிதடி என்று பயந்து தூக்குடன் அப்பாவிடம் ஓடினேன். "சண்டையில்லைடா, மிளகு விலை ஏறறது" என்றார். அந்தக் கூச்சலில் நிர்ணயமாகும் விலை தந்தியில் ஏறி லண்டன், நியூயார்க் வரை போகும் என்று அவர் சொன்னபோது, எங்கள் தெரு எவ்வளவு பெரியது என்று பிரமித்துப் போனேன். கணினி வந்து பின்னாளில் அந்தக் கூச்சல் அடங்கிவிட்டது.

இருட்டாயல்லோ!

வெள்ளிக்கிழமை சூரிய அஸ்தமனத்திலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை யூதர்களுக்கு ஓய்வு நாள். நெருப்பு மூட்டக்கூடாது, விளக்கின் ஸ்விட்சைக் கூடத் தொடக்கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை நான் அப்பாவுடன் திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து வயதான ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, "மோனே, இருட்டாயல்லோ!" என்றார். இருட்டிவிட்டது என்பது எனக்கும்தான் தெரிகிறது. இதை ஏன் என்னிடம் சொல்கிறார்? அப்பா காதில் சொன்னார்: "உள்ளே போய் லைட்டைப் போட்டுட்டு வா. அவா வாய் விட்டுக் கேக்கப்படாது. நாமதான் புரிஞ்சுக்கணும்."

அன்று முதல் வெள்ளிக்கிழமை விளக்குப் போடும் பையன் நான். ஐந்தாறு வருஷம் செய்தேன். மறுநாள் இருட்டிய பிறகு அந்த அம்மாள் எனக்கு ஏதாவது கொடுப்பார். என்ன கொடுப்பார் தெரியுமா? தோல் உரிக்காத நேந்திரம்பழம். சமைத்த பண்டம் ஒரு நாளும் கொடுத்ததில்லை. "உன் பாட்டி சம்மதிக்க மாட்டாள், எனக்குத் தெரியும்" என்று மலையாளத்தில் சொல்வார். என் அம்மாவும் அவருக்கு அப்பளம் கொடுத்தனுப்புவாள், பொரிக்காமல், பச்சையாக. அவர் வீட்டுச் சட்டியில், அவர் வீட்டு எண்ணெயில் பொரித்துக்கொள்ளலாம் அல்லவா? மாமிசமும் பாலும் சேரக்கூடாது, பாத்திரங்கள் தனித்தனி என்று அவர்களுக்கு ஆயிரம் நியமங்கள். பெசாஹ் பண்டிகைக்கு முன்னால் மாதக் கணக்கில் வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து, அரிசியை மணி மணியாகப் பொறுக்குவார்கள். "நம்மாத்து மடியைவிட அவாத்து மடி ஜாஸ்தி" என்று பாட்டி ஆச்சரியத்துடன் சொல்வாள். பாட்டி வாயால் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச சர்டிபிகேட் அது.

இரண்டு வீட்டாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஆனாலும் அந்த சிநேகத்தில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தெருவைச் சுற்றி

மட்டாஞ்சேரியின் விசேஷம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு புதிய பாஷை. சேர்லாயில் கோவாவிலிருந்து வந்த கொங்கணி பிராமணர்கள். அவர்களுடைய திருமலை தேவஸ்வம் கோவில். டச்சு கவர்னர் வான் ரீடு 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற மூலிகை நூலைத் தயாரித்தபோது, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியருடன் ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி பிராமணர்களும் உதவினார்கள். குஜராத்தி சாலையில் சேட்டுகளும் ஜைனக் கோவிலும். அங்கே மத்தியானம் புறாக்களுக்கு இரை போடுவார்கள். நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் எழும்பும் சிறகோசை எங்கள் சந்து வரை கேட்கும். கச்சி மேமன்கள், தக்கினி முஸ்லிம்கள், 1653ல் கூனன் சிலுவையில் கயிறு கட்டிப் பிரமாணம் செய்த சிரியன் கிறிஸ்தவர்கள் என்று பட்டியல் நீளும். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த ஆப்பிரிக்க அடிமைகளின் நினைவாகக் காப்பிரி முத்தப்பன் என்று ஒரு சிறு சன்னதிகூட உண்டு. அவருக்கு நைவேத்தியம் சுருட்டும் கள்ளும். நாங்கள் சிறுவர்கள் அந்த வழியாக ஓடித்தான் போவோம்.

இன்னொரு வேடிக்கை. வீட்டிலிருந்து அரை மணி நடந்தால் கோட்டைக் கொச்சி. 1956 நவம்பர் 1ம் தேதி வரை அது மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. அதாவது மதராஸ் ராஜ்யம். மட்டாஞ்சேரியோ திருவிதாங்கூர்-கொச்சி. சீன வலைகளைப் பார்க்கப் போனால் 'மதராஸுக்குப் போய்விட்டு வந்தேன்' என்று பீற்றிக்கொள்வோம். 1967ல் கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எறணாகுளம் நகரசபைகளைச் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கினார்கள்.

மறைக்கக் கூடாத ஒன்று

பழைய காலம் என்றால் எல்லாம் பொன் என்று எழுதுவது சுலபம். அப்படி எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

மட்டாஞ்சேரியில் பெரும்பாலான கிணறுகளில் நீர் உப்புக் கரிக்கும். எங்கள் வீட்டுக் கிணறு மட்டும் கரிக்காது. கோடையில் அக்கம்பக்கத்தார் குடத்துடன் வருவார்கள். ஆனால் பாட்டி யாரையும் கிணற்றங்கரைக்கு விடமாட்டாள். அப்பா இறைத்து வாசலில் ஊற்ற வேண்டும். மிளகு புடைக்கும் ஸ்திரீகள் வெயிலில் குடத்தை வைத்துக்கொண்டு காத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா சலிக்காமல் இறைப்பார். ஆனால் பாட்டியை மீற மாட்டார்.

அவர்களிடமும் இந்த நோய் இருந்தது. பரதேசி யூதர்கள் தங்கள் பழைய ஊழியர்களின் வம்சத்தாரைத் தங்களுக்குச் சமமாக ஆலயத்தில் உட்கார விடவில்லை. திருமண சம்பந்தமும் கிடையாது. அந்த வம்சத்தில் பிறந்தவர்தான் ஏ.பி. சேலம். வக்கீலுக்குப் படித்தவர், கொச்சி சட்டசபை அங்கத்தினர், காந்தி பக்தர். மகாத்மாவின் வழியில் ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்து கொஞ்சம் கொஞ்சமாக உரிமை பெற்றார். 'யூத காந்தி' என்று அவரைச் சொல்வார்கள். 1967ல் காலமானார். அப்பா அவரைக் கண்டால் குடையைத் தாழ்த்தி நின்று வணங்குவார். நம் பக்கம் திருவிதாங்கூரில் 1936ல் ஆலயப் பிரவேசம் வந்தது. கொச்சியில் அதற்குப் பத்து வருஷங்களுக்கு மேல் கழித்துத்தான் வந்தது. பரதேசியாக வந்து இடம் பெற்றவன், அடுத்தவனுக்கு இடம் கொடுக்க ஏன் இவ்வளவு யோசிக்கிறான் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

காலியான வீடுகள்

தெருவின் தெற்குப் பாகத்தில் மலபார் யூதர்கள் இருந்தார்கள். கடவும்பாகம், தெக்கும்பாகம் என்று அவர்களுக்குத் தனி ஆலயங்கள். இஸ்ரேல் தேசம் 1948ல் உண்டான பிறகு, 1953லிருந்து 1955க்குள் அவர்களில் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. கட்டில், அண்டா, அம்மி எல்லாம் தெருவில் விலைக்கு இருந்தது மங்கலாக நினைவிருக்கிறது. அவர்களில் பலர் நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற ஊரில் குடியேறி விவசாயம் செய்தார்கள். காயல் ஓரத்தில் பிறந்தவர்கள் பாலைவனத்தில்!

பரதேசி யூதர்கள் உடனே போகவில்லை. 1968 டிசம்பரில் ஆலயத்தின் 400வது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார்; தபால்தலையும் வெளியிட்டார்கள். நான் அதற்கு முந்தின வருஷமே பம்பாயில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லீவில் வந்து கூட்டத்தில் நின்று பார்த்தேன். தெருவெங்கும் தோரணம். அந்த அம்மாள் ஜன்னலில் பட்டுடுத்தி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "இப்போது விளக்குப் போட ஆளில்லை" என்று சிரித்தார். அடுத்த சில வருஷங்களில் அவரும் மகனிடம் இஸ்ரேலுக்குப் போய்விட்டார். நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அவர்கள் போவதைப் பற்றி நான் பம்பாயில் நண்பர்களிடம் வருத்தமாகப் பேசுவேன். அதே சமயத்தில் எங்கள் சந்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? முதல் வீட்டுப் பையன் தில்லி. மூன்றாம் வீட்டு அண்ணா ஜாம்ஷெட்பூர். ஐந்தாம் வீட்டு இரட்டையர் இருவரும் அமெரிக்கா. நான் பம்பாய். எங்களை யாரும் விரட்டவில்லை. படிப்பும் உத்தியோகமும் அழைத்தன, போனோம். அது எனக்குப் 'போவதாகவே' அப்போது தோன்றவில்லை.

பத்துப் பேரும் நாலு பேரும்

1986ல் அப்பா காலமானார். தந்தி கிடைத்து, காலை விமானத்தில் வெலிங்டன் தீவில் இறங்கி ஓடினேன். ஏழு வீட்டில் இரண்டில்தான் நம்மவர்கள். ஒன்று எங்களுடையது, மற்றதில் நடக்க முடியாத ஒரு மாமா. சாஸ்திரிகள் எறணாகுளத்திலிருந்து வந்துவிட்டார். தூக்க நாலு பேர் வேண்டுமே? அப்பா நாற்பது வருஷம் கணக்கு எழுதிய தெருவில் அந்த நாலு பேருக்குத் தவித்தோம். கடைசியில் சேர்லாயிலிருந்து இரண்டு கொங்கணிக்காரர்கள் தாங்களாகவே குளித்துவிட்டு ஈர வேஷ்டியுடன் வந்து நின்றார்கள். இன்னும் ஒருவர் சாஸ்திரிகளுடன் வந்தவர். நாலாவது ஆளாகச் சேட்டின் மகன் தோள் கொடுத்தார். சாஸ்திரிகள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நடங்கோ" என்றார்.

யூதத் தெரு முனையில் வயதான யூதர் ஒருவர் தலையில் குல்லாயுடன் நின்றுகொண்டிருந்தார். பதின்மூன்றாம் நாள் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். அவர்களுக்குக் கூட்டுப் பிரார்த்தனை செய்யப் பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்து சேராமல் பல நாள் காத்திருந்து திரும்பிவிடுவார்களாம். அவர் மலையாளத்தில் சொன்னார்: "எங்களுக்குப் பத்து பேர் வேண்டும். அது சிரமம், தெரியும். உங்களுக்கு நாலு போதுமே! அதுவும் இல்லாமல் போய்விட்டதே."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். அதனால்தான் அது எனக்குள் தங்கிவிட்டது.

1991ல் வீட்டை விற்றேன். அம்மா என்னுடன் பம்பாய்க்கு வந்துவிட்டதால் பூட்டிக் கிடந்தது. மழையில் ஓடு சரிந்தது. விற்பதுதான் புத்திசாலித்தனம் என்று நானே தீர்மானித்தேன். அம்மாவைக் கேட்கவில்லை. பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். "கிணத்தை என்ன பண்ணுவா?" என்று மட்டும் கேட்டாள். "அவா இஷ்டம்மா" என்றேன். வாங்கியவர் கிணற்றை மூடிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. 2003ல் போகும் வரை, பம்பாய் ஃப்ளாட்டில் மத்தியானம் ஆனால், "இப்போ ஜைனக் கோவில்லே புறாவுக்கு இரை போட்டிருப்பா" என்பாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது

சென்ற வருஷம் பேத்தியுடன் போயிருந்தேன். 2019 ஆகஸ்டில் தெருவின் பிரியமான பாட்டி சாரா கோஹன் 96 வயதில் போய்விட்டார். அடுத்த மாதமே, நெடுங்காலம் கிட்டங்கியாகக் கிடந்த கடவும்பாகம் ஆலயத்தின் ஒரு பகுதி மழையில் இடிந்து விழுந்தது. அதன் உட்புற மரவேலைகள் முன்னமேயே ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பத்திரமாக இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் க்வீனி ஹலேகுவா 89 வயதில் காலமானார். கொச்சிக்கு மின்சாரம் கொடுத்த கோடர் குடும்பத்துப் பெண் அவர். ஒரு காலத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சு நடந்த தெருவில் இப்போது பழம்பொருள் கடைகளும் டூரிஸ்டுகளும். எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒரு விடுதி.

ஆனால் ஒன்று பார்த்தேன். சாரா கோஹன் யூதர்கள் அணியும் குல்லாய்களிலும் விரிப்புகளிலும் எம்பிராய்டரி செய்து விற்ற சிறு கடை இருக்கிறது. அவரைக் கடைசி வரை தாயாகக் கவனித்துக்கொண்ட ஒரு முஸ்லிம் அன்பர் அதைத் தொடர்ந்து நடத்துகிறார். ஒரு சமூகம் போன பிறகு அதன் நினைவைக் காப்பாற்றுவது அதன் பணமோ சங்கமோ அல்ல, அக்கம்பக்கத்தார்தான் என்று அங்கே நிற்கையில் தோன்றியது.

பேத்தி கேட்டாள், "தாத்தா, நம்மாம் எங்கே இருந்தது?" விடுதியைக் காட்டினேன். "கிணறு?" என்றாள். நான் அவளிடம் கிணற்றைப் பற்றி ஒருமுறை சொல்லியிருந்தேன். வரவேற்பறைத் தரையில் ஓரிடத்தைக் காட்டி, "சுமார் இங்கே" என்றேன். அங்கிருந்த பையன் ஆச்சரியத்துடன், "இவ்விட கிணறுண்டாயிருந்நோ?" என்று கேட்டான். அவனுக்கும் எல்லாம் சொன்னேன். தண்ணீருக்குக் காத்து நின்றவர்களைப் பற்றியும்.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எங்கள் சந்தை வரைந்தேன். ஏழு வீடு, எதில் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், என்ன உத்தியோகம், பிள்ளைகள் இப்போது எங்கே. அடுத்து யூதத் தெரு. எந்தக் கிட்டங்கி யாருடையது, எந்த ஜன்னலில் நான் விளக்குப் போட்டேன். இரண்டு வீட்டு விவரம் எனக்கே மறந்துவிட்டது. ஜாம்ஷெட்பூர் அண்ணாவுக்குப் போன் செய்து ஒன்றைத் தெரிந்துகொண்டேன். மற்றொன்றைச் சொல்ல இனி யாரும் இல்லை.

பல ஊர்களிலும் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் தெருவை ஒரு தாளில் வரையுங்கள். நம் வீடுகளை மட்டுமல்ல, பால்காரர், வண்ணார், எதிர்த்தெரு வைத்தியர் எல்லோரையும் எழுதுங்கள். நல்லதை எழுதும்போது, நாம் செய்த தவறையும் சேர்த்து எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நாம் எல்லோரும் எங்கிருந்தோ வந்த பரதேசிகளே. வந்த இடத்தில் யார் இடம் கொடுத்தார்கள் என்பதையாவது நம் குழந்தைகள் தெரிந்துகொள்ளட்டும்.